முந்தைய மாலையே வந்து பார்த்துவிடும் சவுண்ட் சர்வீஸ்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மதிப்புரை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையில், பெயர்ப் பலகை எதுவும் இல்லாமல், தம் வீட்டு முன்கட்டிலேயே ஒருவர் சவுண்ட் சர்வீஸ் நடத்திவருகிறார். கோயில் விழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுவதுதான் அவருடைய முதன்மைத் தொழில் என்றாலும், புரொஜெக்டர், திரை, மைக் ஆகியவற்றைக் கூட்டங்களுக்கு வாடகைக்குத் தருவதையும் சில ஆண்டுகளாகச் செய்கிறார். எங்கள் வாசகசாலையின் உரை நிகழ்ச்சிகளுக்கும், கேரளம் முழுவதும் ஜூன் 19 அன்று நடக்கும் வாசிப்பு நாள் கூட்டத்துக்கும், தென்னை விவசாயிகளுக்கான வகுப்புகளுக்கும் அவரையே தொடர்ந்து அழைத்துவருவதால், அவருடைய சேவையை நன்றாகவே அறிவேன். அவரிடம் உள்ள கருவிகள் நடுத்தரமானவை. பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ இவற்றைவிடப் புதியவை கிடைக்கும். ஆயினும் படம் காட்டிப் பேச வேண்டிய நிகழ்ச்சி எதுவாக இருந்தாலும் இவரையே அழைக்கும்படி சொல்வேன். நிகழ்ச்சிக்கு முந்தைய மாலை அதே அரங்கில் முழுச் சோதனை நடத்துவதை இவர் தனிக் கட்டணம் வாங்காமல் வாடகையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார். அதை அவ்வளவு பொறுப்பாக நடத்துபவரை இந்த வட்டாரத்தில் நான் வேறு கண்டதில்லை.

முன்பதிவுக்குத் தொலைபேசியில் அழைத்தவுடனேயே அவருடைய கேள்விகள் தொடங்கிவிடும். பேச வருபவர் தம் லேப்டாப்பைக் கொண்டுவருகிறாரா அல்லது பென் டிரைவோடு வருகிறாரா, அந்த லேப்டாப்பில் படத்தைப் புரொஜெக்டருக்கு அனுப்பும் எச்.டி.எம்.ஐ. துளை உண்டா அல்லது யு.எஸ்.பி.-சி துளை மட்டும்தானா, காட்டப்போகும் படங்களில் ஒலியும் உண்டா, அரங்கின் சன்னல்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன, மேடைக்குப் பக்கத்தில் எர்த் உள்ள பிளக் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார். சோதனைக்கு அவர் விதிக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: நாளை எது எங்கே இருக்கப்போகிறதோ, அது இன்று அங்கேயே இருக்க வேண்டும். "டீச்சர், இன்னைக்கு ஒரு லேப்டாப்புல ஓட்டிப் பாத்துட்டு நாளைக்கு வேற ஒண்ணு கொண்டுவந்தா, நாம பாத்தது எதுக்கும் ஆகாதுங்க" என்று முதல் முறையே என்னிடம் சொல்லிவிட்டார். பேச்சாளர் முந்தைய நாள் வர இயலாதவராக இருந்தால், கோப்பை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி, தம் லேப்டாப்பில் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓட்டிப் பார்த்து, மறுநாளும் அதே லேப்டாப்பையே மேடையில் வைக்கிறார்.

சோதனையில் மிக அதிகமாகச் சிக்குவது எழுத்துருதான். எல்லைப் பகுதியில் இருப்பதால் எங்களிடம் வரும் கோப்புகளில் தமிழும் மலையாளமும் கலந்தே இருக்கும். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வருபவர்களில் சிலர் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். கேரளப் பக்கத்து மலையாளக் கோப்புகள் சில எம்.எல். கார்த்திகா போன்ற பழைய எழுத்துருவில் வருகின்றன. இவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் அமைந்தவை அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தையோ மலையாள வடிவத்தையோ வரைந்து வைத்திருப்பவை. ஆகவே, அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியில் திறந்தால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது என்றாலும், பத்து ஆண்டுகளுக்கு முன்பு தயாரித்த பக்கங்களையே திரும்பத் திரும்பக் காட்டும் பழக்கம் இருக்கும்வரை இந்தத் தொல்லையும் இருக்கும்.

இதற்கு அவர் செய்யும் ஏற்பாடு மிகவும் தெளிவானது. முதலில், பேச்சாளரின் சொந்தக் கணினியில் திறந்து, பவர்பாயின்ட்டின் சேமிப்பு விருப்பங்களுக்குள் சென்று, எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும்படி குறித்துவிட்டுச் சேமிக்கச் சொல்கிறார். எல்லா எழுத்துருக்களும் அப்படிப் பதிய இடம் தருவதில்லை என்பதால், அதே கோப்பைப் பி.டி.எஃப். ஆகவும் ஒரு படி எடுத்து வைக்கச் சொல்கிறார், பி.டி.எஃப்.இல் அசைவுகளும் வீடியோக்களும் இருக்கமாட்டா என்றாலும் எழுத்து சிதையாது. புதிதாகத் தயாரிப்பவர்களிடம், விண்டோஸ் 8 முதல் கணினியோடு சேர்ந்தே வரும் நிர்மலா எழுத்துருவைப் பயன்படுத்தச் சொல்கிறார். அதில் தமிழ், மலையாளம் இரண்டும் இருப்பதால் இரு மொழிப் பக்கங்களுக்கும் அது ஒன்றே போதும். எழுத்துரு மாறும்போது வரிகளின் நீளமும் மாறி, கடைசி வரி பக்கத்துக்குக் கீழே இறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே எழுத்துத் தெரிகிறது என்பதோடு நிறைவடைந்துவிடாமல் ஒவ்வொரு பக்கத்தின் அடிப்பகுதியையும் பார்க்கிறார். ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் எழுத்துருவைப் பற்றி இந்த அளவுக்குக் கவலைப்படுவது எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது. இரு மொழிக்காரர்கள் கலந்து உட்காரும் எங்கள் கூட்டங்களில் ஒரு மொழியின் எழுத்து மட்டும் சிதைந்து தெரிந்தால், அரங்கில் பாதிப் பேருக்கு அந்த வகுப்பு இல்லாமலே போய்விடும்.

வீடியோக்களில் வேறு வகைச் சிக்கல் இருக்கிறது. தென்னை வகுப்புக்கு வரும் அலுவலர்கள் தோப்பில் கைபேசியாலேயே படம் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். 2017-க்குப் பிந்தைய ஐபோன்கள் பலவற்றில் வீடியோ இயல்பாகவே எச்.இ.வி.சி. என்னும் முறையில் பதிவாகிறது. அதற்குரிய கூடுதல் நிரலை நிறுவாத விண்டோஸ் கணினியில் ஒலி மட்டும் கேட்டுப் படம் தெரியாமல் போகலாம், சில வேளைகளில் திறக்காமலே போகலாம். அத்தகைய வீடியோவைச் சோதனை மாலையிலேயே கண்டுபிடித்து, பெரும்பாலான கணினிகள் ஏற்கும் எச்.264 முறை எம்.பி.4 கோப்பாக மாற்றித் தந்துவிடுகிறார். பக்கத்துக்குள் பதிக்காமல் இணைப்பாக மட்டும் வைத்த வீடியோ, கோப்பைப் பென் டிரைவில் தனியே எடுத்துவரும்போது காணாமல் போகும் என்பதையும் பேச்சாளர்களுக்கு அவர் பொறுமையாக விளக்குவதைக் கேட்டிருக்கிறேன்.

ஒலியைப் பொறுத்தவரை அவருடைய அனுபவம் நன்றாகவே தெரிகிறது. எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியவுடன் பல லேப்டாப்புகள் ஒலியையும் அந்தக் கேபிள் வழியாகப் புரொஜெக்டருக்கே அனுப்பத் தொடங்கிவிடும். புரொஜெக்டருக்குள் இருக்கும் சிறிய ஸ்பீக்கரில் முணுமுணுப்பாகக் கேட்குமே தவிர, ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் மிக்ஸருக்கு எதுவும் வராது. மேடையில் இது நேரும்போது எல்லோரும் ஆம்பிளிஃபயரையும் ஒயரையும் சந்தேகித்து நேரத்தை வீணாக்குவார்கள். திரையின் மூலையிலுள்ள ஸ்பீக்கர் குறியை அழுத்தி, ஒலி வெளியேறும் வழியை லேப்டாப்பின் ஹெட்போன் துளைக்கு மாற்றினால் போதும். பழைய வகையான வி.ஜி.ஏ. கேபிளில் ஒலியே போகாது என்பதால் இந்தக் குழப்பம் எழுவதில்லை. ஆனால் அதில் எழுத்தின் கூர்மை குறையும்.

லேப்டாப்பின் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கர்களில் எழும் தொடர்ச்சியான 'ம்ம்' என்ற இரைச்சல் வேறொரு தொல்லை. லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் வெவ்வேறு இடத்துப் பிளக்குகளிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது, இரண்டின் எர்த்தும் ஒலி ஒயர் வழியாக ஒரு வளையமாக இணைந்துகொள்வதால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அதிர்வு ஒலியோடு கலந்துவிடுகிறது. சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் காரணம் இதுதான் என்று உறுதியாகிவிடும். அவர் இரண்டுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து மின்சாரம் தருகிறார். அதிலும் தீரவில்லையென்றால் சிறிய தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ஒலி ஒயரின் நடுவே இணைக்கிறார். சிலர் செய்வதுபோல் சார்ஜர் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடும் வேலையை அவர் ஒருநாளும் செய்வதில்லை. மேடையில் மைக்கைக் கையில் பிடித்து நிற்பவரின் பாதுகாப்பு அந்த எர்த்தில் இருப்பதால், இதைக் குறிப்பிட்டுப் பாராட்ட விரும்புகிறேன்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போது அவரே மெயின் சுவிட்சை அணைத்துவிடுவதுதான். பேச்சாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அணைக்கிறார். ஆனால் எந்தப் பக்கத்தில் அணைப்பார் என்று சொல்வதில்லை. விளக்கு வகைப் புரொஜெக்டர்களில் மின்சாரம் திடீரென்று போய் உடனே திரும்பி வந்தாலும் படம் உடனே வராது. உள்ளே இருக்கும் பாதரச விளக்கு நல்ல சூட்டில் இருக்கும்வரை மீண்டும் பற்றாது என்பதால், ஆறும்வரை சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். விசிறியும் சேர்ந்து நின்றுபோவதால் விளக்கின் ஆயுளும் குறையும். எனவே அவர் புரொஜெக்டரையும் லேப்டாப்பையும் கணினிக்கு வைக்கும் சாதாரண யு.பி.எஸ். ஒன்றில் இணைக்கிறார். அது வகுப்பு முழுவதும் தாங்காது; ஜெனரேட்டரைக் கிளப்பும்வரை தாங்கும், அல்லது புரொஜெக்டரை முறையாக அணைத்து ஆறவிடும் அளவுக்குத் தாங்கும், அவ்வளவே. ஆம்பிளிஃபயர் தனியே 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடக்கூடியது. கம்பி மைக்குக்கு மின்கலமே தேவையில்லை. ஆகவே கரண்ட் போனாலும் குரல் நிற்பதில்லை.

மெயினை அணைத்த அந்த நிமிடங்களில் அவர் பேச்சாளரைப் பேசச் சொல்கிறார். படம் இல்லாமல் எந்த இடம்வரை சொல்ல முடிகிறது, எந்த எண்ணிக்கையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், எந்தப் படம் இல்லாவிட்டால் பொருளே விளங்காது என்பதெல்லாம் பேச்சாளருக்கே அப்போதுதான் தெரியவருகிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு வரும் வாசிப்பு நாளில் எங்கள் பகுதியில் மின்சாரம் நின்று நின்று வருவது வழக்கம். சென்ற முறை உரையின் நடுவே மின்சாரம் போனபோது, எங்கள் பேச்சாளர் முந்தைய மாலை குறித்து வைத்திருந்த தாளை எடுத்துக்கொண்டு, குரலில் ஒரு தயக்கமும் இல்லாமல் தொடர்ந்தார். அவையில் யாரும் எழுந்து செல்லவில்லை. புதிய புரொஜெக்டரை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் பல இருக்கலாம். பேச்சாளருக்கு இப்படியொரு துணிவைக் கொடுத்துவிட்டுப் போகும் கடையை நான் இதுவரை பார்த்ததில்லை.

அரங்கின் வெளிச்சமும் காற்றும் எங்கள் பகுதியில் தனிக் கவனம் கேட்பவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் நாங்கள் இருப்பதால், ஆண்டின் பல மாதங்களில் காற்று பலமாக அடிக்கும். மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கும் திரை எளிதில் சாய்ந்துவிடும். அவர் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வைப்பதோடு, திரையின் மேல் மூலைகள் இரண்டையும் கயிற்றால் தூணோடு கட்டிவிடுகிறார். வெளிச்சத்தைப் பார்க்கவே, மறுநாள் நிகழ்ச்சி மாலையில் என்றால் அதே நேரத்தை ஒட்டிச் சோதனைக்கு வர முயல்கிறார். மாலைச் சோதனையில் பளிச்சென்று தெரிந்த படம் காலை பத்து மணி வெயிலில் வெளுத்துப்போகும் என்பதால், காலை நிகழ்ச்சியாக இருந்தால் சன்னல்களுக்குக் கறுப்புத் துணியோடு வருகிறார். தென்னை வகுப்பில் இதன் அருமை தெரியும். 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காடு பகுதிகளில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடிப்பக்கத்தில் முட்டைகளை வெண்மெழுகுச் சுருளாக இடுகிறது. கீழ் ஓலைகளின் மேற்பக்கத்தில் கரும்பூசணம் படர்கிறது. இவ்விரண்டையும் திரையில் பிரித்துப் பார்க்க முடிந்தால்தான், பூசணத்தையே நோயென்று எண்ணி மருந்தடிப்பதை ஒரு விவசாயி நிறுத்துவார். அவ்வளவு நுட்பமான படம் வெளுத்த திரையில் தெரியவே தெரியாது.

கம்பியில்லா மைக்கும், பக்கம் மாற்றும் கையடக்கக் கிளிக்கரும் தருகிறார். ஆனால் இரண்டுக்கும் மாற்றாகக் கம்பி மைக்கையும், லேப்டாப் அருகே உட்கார ஒருவரையும் கட்டாயம் வைக்கச் சொல்கிறார். கிளிக்கர் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், காலி அரங்கில் கடைசி வரிசையிலிருந்தும் வேலை செய்த கிளிக்கர், அரங்கு நிறைந்ததும் திணறக்கூடும். அதற்காக அதன் ரிசீவரை லேப்டாப்பின் பின்புறத்தில் செருகாமல், சிறிய யு.எஸ்.பி. நீட்டிப்பு ஒயரில் கோத்து மேசையின் முன்விளிம்பில் வைக்கிறார். மைக்குக்குப் புதிய செல்களை நிகழ்ச்சியன்று காலையில்தான் போடுகிறார்.

இணையத்தை நம்பி நடத்தும் நிகழ்ச்சிகளை அவர் ஏற்பதில்லை. எல்லையோரத்தில் கைபேசி ஒரு நேரம் கேரளக் கோபுரத்தையும் மறுநேரம் தமிழ்நாட்டுக் கோபுரத்தையும் பிடித்துக்கொண்டு தடுமாறுவது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். 2010 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் புதிய ஐபோனைக் காட்டியபோதே, அரங்கில் 500-க்கும் மேற்பட்ட வைஃபை தளங்கள் இயங்கியதால் இணையப் பக்கம் திறக்க மறுத்து, அவையினரிடம் அவற்றை அணைக்கும்படி அவர் வேண்ட நேர்ந்தது. அவ்வளவு வசதி உள்ள இடத்திலேயே அந்த நிலை என்றால், எங்கள் சமுதாயக்கூடத்தில் காட்ட வேண்டியதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதுதான் முறை. ஆயினும், கோயம்புத்தூரிலிருந்து ஒரு வல்லுநரைக் காணொளி வழியாகப் பேசவைக்க விரும்புகிறவர்களுக்கு இவருடைய சேவை போதாது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் கார்டுகள் கொண்ட, லேப்டாப்புக்குக் கைபேசி இணையம் தரும் ஒரு டாங்கிளையாவது அவர் வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

வேறு குறைகளும் உண்டு. அவருடைய புரொஜெக்டர் 1024-க்கு 768 என்ற பழைய அளவிலானது. இன்றைய அகலப் பக்கங்களைக் காட்டும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து படம் சிறுத்துவிடுகிறது, சிறிய எழுத்துகளின் சுழிகள் மங்குகின்றன. இதை அவர் முன்பதிவின்போதே சொல்லிவிடுகிறார். பக்கங்களை 4:3 அளவில் தயாரித்தால் திரை முழுவதும் நிறையும். யு.எஸ்.பி.-சியிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் இணைப்பான் அவரிடம் இல்லை, எல்லா யு.எஸ்.பி.-சி துளைகளும் படத்தை வெளியே அனுப்பக்கூடியவை அல்ல என்பதால், பேச்சாளர் தம் லேப்டாப்போடு பழகிய இணைப்பானையே கொண்டுவருவது நல்லது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்தச் சேவை அவர் ஒருவரையே சார்ந்திருப்பதுதான். அவர் வர இயலாமல் உதவியாளரை மட்டும் அனுப்பிய ஒரு நிகழ்ச்சியில், மாலைச் சோதனை 'மைக் டெஸ்டிங்' என்ற அளவோடு முடிந்துவிட்டது. கோப்பைத் திறந்து பார்க்கவே இல்லை. தம் நோட்டில் எழுதி வைத்திருக்கும் கேள்விகளையும் வரிசையையும் உதவியாளருக்கும் பழக்கிவிட வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். "சரிதானுங்க டீச்சர், அவனையும் கூட நிக்கவெச்சுப் பழக்கிடறேன்" என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகு சோதனைக்கு இருவருமாக வருகிறார்கள்.

புரொஜெக்டர், திரை, இரண்டு மைக், இரண்டு ஸ்பீக்கர், யு.பி.எஸ்., முந்தைய மாலைச் சோதனை எல்லாம் சேர்த்து எங்களிடம் அவர் வாங்கியது 4,500 ரூபாய். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பகுதிகளுக்கு வண்டி வாடகை தனியாக இல்லை. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டுமென்றால் உண்டு. நகரத்துக் கடைகளில் இதைவிடச் சற்றுக் குறைவாகவும் கேட்கிறார்கள், ஆனால் நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்புதான் வந்து இறங்குவார்கள். சோதனைக்கு அரங்கின் சாவி முந்தைய மாலையே கையில் இருக்க வேண்டும் என்பதால், சமுதாயக்கூடத்துக்குப் பணம் கட்டும்போதே அந்த மாலை இரண்டு மணி நேரத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள். தை பிறந்தது முதல் வேலா, பூரம் என்னும் கோயில் விழாக்கள், கல்யாணம் என்று அவருக்கு ஓய்விருக்காது. அந்த மாதங்களில் சோதனைக்கு நேரம் ஒதுக்க முடியாத வாடகையை அவரே மறுத்துவிடுகிறார். ஜூன் மாத நிகழ்ச்சிக்கு மே மாத நடுவிலேயே சொல்லி வைத்தால் நாள் கிடைக்கும்.